டோனர் நீலம்

கருங்கல் பலகையின் படம் செவ்வாய்க்கிழமை காலை றெனால்டின் போனுக்கு வந்தது. கல் வெட்டுபவர் அனுப்பியிருந்தார். "தமிழ் சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ தம்பி. பின்னேரம் லொறியில ஏத்துறன்."

தமிழ் சரியாகத்தான் இருந்தது. மன்னார் நகரில், உப்புக்குளத்துக்குத் திரும்பும் ஒழுங்கையில் இருந்த தொண்டு நிறுவனம் ஒன்றில் அவன் ஆறு வருடமாகக் கள உத்தியோகத்தர். பல்கலைக்கழகம் வரை படித்தவன் என்பதால் அறிக்கை எழுதுவதும் அவன், மொழிபெயர்ப்பதும் அவன், வெளிநாட்டு விருந்தினர் வந்தால் நடுவில் நின்று பேசுவதும் அவன்.

பலகையில் மூன்று மொழிகளில் ஒரே வசனம்: 'வங்காலை மக்களின் குடிநீருக்கான இக்கிணறு எமது நன்கொடையாளர்களின் அன்பளிப்பாகும்.'

அவன் அதை இரண்டாம் முறை வாசித்தான். மனைவி இறந்த பிறகு வந்த பதினொரு மாதத்தில் எதையும் இரண்டாம் முறை வாசித்ததாக அவனுக்கு நினைவில்லை.

கிணறு இருந்த காணி அவன் மனைவி நிறஞ்சலாவுடையது. சீதனமாக வந்த இரண்டு பரப்பு நிலம். கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் அதன் வடக்கு மூலையில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறியது. அவள் நண்டுச் சதை எடுக்கும் கம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர். காலையில் வேலைக்குப் போகும்போது, பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்காகப் பெண்கள் குடங்களோடு வெயிலில் நிற்பதைத் தினமும் கடந்து போனாள். ஒருநாள் லீவு போட்டுவிட்டு நொத்தாரிசிடம் போய் அந்த மூலையைப் பொதுப் பாவனைக்கென்று உறுதி எழுதிக் கொடுத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. பிறகு ஊரில் ஒன்பது பெண்கள் அவளோடு இறங்கி மண் அள்ளினார்கள். கிணற்றுக்குக் கட்டுக் கட்டி முடித்த அன்று, சீமெந்து காய முதல், பத்துப் பேரும் ஈர்க்கால் தங்கள் பெயரை வெளிப்புறத்தில் கீறினார்கள். நிறஞ்சலா கடைசியாகக் கீறினாள். இடம் போதாமல் 'லா' தனியே கீழே இறங்கி, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வேலைக்களத்தில் நண்டு ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூடத் தப்பவிடாத மேற்பார்வையாளருக்குத் தன் பெயரை அளந்து எழுதத் தெரியவில்லை என்று மற்றப் பெண்கள் ஒரு கிழமை சிரித்தார்கள்.

நிறுவனம் அந்தக் கிணற்றுக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. ஒரு மோட்டர், ஒரு தாங்கி, நான்கு குழாய்.

அவன் போனை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனான். அலெக்ஸாண்டர் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். யுத்தம் முடிந்த கையோடு, மேசை கதிரை இல்லாத காலத்தில், பாயில் இருந்து வேலை செய்தவர். அதை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களை மறக்கவும் விடவில்லை.

"சேர், பலகையில பிழை இருக்கு."

"தமிழிலயோ?"

"விசயத்தில. கிணறு அவை தந்ததில்லை. மோட்டரும் தாங்கியும்தான் தந்தவை."

அலெக்ஸாண்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மோட்டர் இல்லாட்டி அது என்ன கிணறு? குழிதானே தம்பி."

"மூண்டு வருசமா சனம் அந்தக் குழியிலதான் குடிச்சது."

"சரி, இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"நிறஞ்சலாவின்ர பேர் வரவேணும். மற்ற ஒன்பது பேரின்ர பேரும். குடுத்தவை அவைதான்."

அவர் துக்கம் கொண்டாடும் ஆளோடு பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார். அந்தக் குரல்தான் றெனால்டுக்கு முதல் எரிச்சல்.

"உமக்கு நான் சொல்லித்தரவேணுமே? விண்ணப்பப் போம் நிரப்பினது நீர்தானே. காணி குடுத்தவை டோனர் இல்லை. அது சமூகப் பங்களிப்பு. அதுக்கு வேற பெட்டி இருக்கு."

"குடுத்த ஆளை டோனர் எண்டு சொல்லாமல் வேற ஆரைச் சொல்லுறது?"

"வெளியில இருந்து குடுத்தாத்தான் டோனர். உள்ளுக்கை இருந்து குடுத்தாப் பங்களிப்பு. இது நான் போட்ட சட்டமில்லை." அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை வாற டோனர் அம்மா தலையாட்டினாத்தான் பெரியமடுவுக்குப் பதினாலு கிணறு. நீரும் நானும் இஞ்ச பேருக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தா அங்க சனம் என்னத்தைக் குடிக்கும்?"

கேள்வி நியாயமானது. அதற்காகக் கோபம் குறையவில்லை.

டோனர் என்ற சொல்லை மன்னாரில் யாரும் அகராதி பார்த்துக் கற்கவில்லை. யுத்தம் முடிந்த வருடம் அது வெள்ளை வாகனங்களில் வந்து இறங்கியது. டோனர் வீடு, டோனர் வள்ளம், டோனர் மலசலகூடம். டோனர் வருகிறார் என்றால் ஒழுங்கைக்குக் கிரவல் மண் விழும், அலுமாரியில் இருக்கும் நல்ல கோப்பைகள் இறங்கும், மதிலில் ஒட்டிய தேர்தல் படம் உரியும். சோளகம், வாடை என்று காற்றைச் சொல்வது போல வங்காலையில் 'டோனர் காலம்' என்று ஒரு காலத்தையும் சொல்வார்கள். கடையில் போய் 'டோனர் நீலம்' என்று கேட்டால் பெயின்ற் வாளியைக் கேள்வி இல்லாமல் எடுத்து வைப்பார்கள். நிறுவனத்தின் கிணறுகள் எல்லாம் அந்த நிறம்தான். டோனருக்குப் பிடித்த நிறம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சொல்லுக்கு இணையாக இன்னொரு சொல் உண்டு, பயனாளி. டோனர் இல்லாத எல்லோரும் பயனாளி. கிணற்றுத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் முதலாம் இலக்கம் நிறஞ்சலா. அவன்தான் எழுதினான். அவள் அன்று அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"காணியும் நான் குடுத்து, மண்ணும் நான் அள்ளி, கடைசியில நான் பயனாளியே?"

"போமில அப்பிடித்தான் நிறஞ்சா. அதை விடும்."

அவள் விட்டுவிட்டாள். அடுத்த கார்த்திகையில் டெங்கு. ஏழு நாள். இருபத்தொன்பது வயது. தை மாதம் பட்டியலைப் புதுப்பிக்கும்போது முதலாம் இலக்கத்துக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில், 'இறந்துவிட்டார்' என்று அடித்ததும் அவன்தான். அடித்துவிட்டு இரண்டாம் இலக்கத்துக்குப் போனான்.

முன் மேசையில் இருந்த ஸஜானா, அறையில் நடந்ததைக் கேட்டிருக்க வேண்டும். திட்ட உதவியாளர், உப்புக்குளத்துப் பெண், வாய்க்குப் பூட்டில்லை என்று பெயர் வாங்கியவள். அவளுடைய சாச்சி, அதாவது சின்னம்மா, குடும்பத்தோடு பெரியமடுவில் மீளக் குடியேறியிருந்தார்.

"பெரியமடுக் கதை சொன்னாரோ?"

"ஓம்."

"எங்கட சாச்சிக்குக் கிணறு வேணும்தான். அதுக்காக உங்கட பெண்சாதிட பேரை இல்லாமலாக்கித் தாங்கோ எண்டு அவ கேக்கேல்லையே." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா அண்ணா, பலகையைப் பற்றி மட்டும் கதைக்கிறீங்கள். கிணத்தைப் போய்ப் பாத்தீங்களோ? மேசன் முந்தாநாள் வேலை முடிஞ்செண்டு படம் அனுப்பினவன்."

அவள் படத்தைக் காட்டினாள். றெனால்ட் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வாகனத்துக்குப் போனான்.

சாரதி தாவூது ஐம்பது கடந்தவர். நிறுவனத்தின் முதல் வாகனத்திலிருந்து ஓட்டுகிறவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'நானா', அண்ணன். பாலத்தில் கடற்காற்று வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளியது.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"இல்லை நானா."

"நானும் இல்லை. டோனர் கிழமையில ஆருக்குச் சாப்பாடு." அவர் கியரை மாற்றினார். "இந்த ஒழுங்கைக்குக் கிரவல் போட்டிருக்கிறாங்க பாருங்க. போன மாரிக்குள்ள ஒரு பிள்ளைத்தாய்ச்சியை இதுக்குள்ளால கொண்டுபோக நான் பட்ட பாடு. அப்ப கிரவல் இல்ல."

வங்காலையில் கிணற்றுக்கட்டு நீலமாக இருந்தது. வானத்தின் நீலம் இல்லை, கடலின் நீலமும் இல்லை. வாளியில் வருகிற நீலம். விரலால் தொட்டால் வழுக்கியது. பெயர்கள் இருந்த பக்கத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும், பலகைக்காக.

அருளம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். நிறஞ்சலாவின் தாய். கிணற்றுக்கு அடுத்த வளவுதான் அவளுடைய வீடு. கையில் அவனுக்குத் தண்ணீர்ச் செம்பு.

"மாமி, இதை ஆர் செய்யச் சொன்னது?"

அவள் செம்பை நீட்டியபடியே நின்றாள். கேள்வி அவளுக்கு விளங்காதது போல இருந்தது.

"நீங்கள்தானே தம்பி."

"நானோ?"

"மேசன் கடதாசி காட்டினவர். உங்கட கையெழுத்து எனக்குத் தெரியாதே? செத்தவீட்டுக்குப் பிறகு அத்தனை கடதாசியிலயும் உங்கட கையெழுத்தைத்தானே பாத்தனான்."

அவள் உள்ளே போய் அதைக் கொண்டுவந்தாள். பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தாள். வேலைக் கட்டளை. பன்னிரண்டு விடயங்கள். அவன் நன்றாக அறிந்த பத்திரம். அவன் வேலைக்குச் சேர்வதற்கும் முந்தி, முதல் கிணற்றுக்கு யாரோ எழுதியதை எடுத்து, ஊரின் பெயரையும் திகதியையும் மாற்றி, ஒவ்வொரு கிணற்றுக்கும் அனுப்புவார்கள். ஏழாவது விடயம்: 'பழைய கட்டின் வெளிப்புறத்தைக் கொத்தி, புதிதாகப் பூசி, நீலம் அடித்தல்.' கீழே அவனுடைய ஒப்பம். மாசி மாதத் திகதி. அந்த மாதத்தில் அவன் எத்தனை தாள்களில் ஒப்பம் வைத்தான் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒன்றையும் வாசிக்கவில்லை.

"நான் தடுத்திருப்பன்," என்றாள் அருளம்மா. "மேசன் உளியை வைக்கேக்க வாசல்வரைக்கும் வந்தனான். பிறகு யோசிச்சன். பாவம் இந்தப் பிள்ளை மறக்க நினைக்குது போல. சின்ன வயசு. மறக்கட்டும். அந்தப் பேர் நெடுகக் கண்ணில குத்தினா எப்பிடி மறக்கிறது எண்டு உள்ளுக்குப் போயிட்டன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். அந்த நீலத்தின் மேல் உட்கார அவனுக்கு மனமில்லை.

"நான் வாசிக்கேல்லை மாமி. வாசிக்காமல் வைச்ச ஒப்பம்."

அருளம்மா அவனைப் பார்த்தாள். "வாசிக்காமலோ?"

"ஓம்."

"அப்ப மறக்கிறதுக்கு இல்லையே?"

"இல்லை."

அவள் செம்பைக் கட்டின்மேல் வைத்தாள். அவளுடைய முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பின்னால், மிகக் கிட்டவே, கோபம் வந்தது. "படிச்ச பிள்ளை," என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு மாமி மருமகனுக்குச் சொல்லத் தேவையில்லை.

திரும்பும் வழியில் அவன் தாவூதிடம் கேட்டான். "நீலம் ஏன் நானா?"

"டோனருக்கு விருப்பம்தானே."

"எந்த டோனருக்கு?"

"அதைச் சேரைத்தான் கேக்கணும்," என்றார் தாவூது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கிணற்றடிக்கு வந்த பெண்ணின் பெயர் இங்றிட். வட ஐரோப்பிய நாடொன்றின் கொடை நிறுவனத்திலிருந்து வந்தவள். அறுபது வயது இருக்கும். தொப்பி, கன்வஸ் சப்பாத்து, சிறிய குறிப்புப் புத்தகம். அலெக்ஸாண்டர் கை கொடுத்து இறக்கினார். பலகை கட்டோடு பூட்டியாகிவிட்டது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. ஒன்பது பெண்களும் கோயிலுக்கு உடுக்கும் சேலையில் நின்றார்கள். ஒருவரும் கிணற்றைப் பார்க்கவில்லை. தங்கள் பெயர் இருந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

துணி விலக்கப்பட்டது. கைதட்டல். சோடா வந்தது. இங்றிட் குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். நல்ல தண்ணீர் என்றாள். பிறகு முன்னால் நின்ற அருளம்மாவிடம் திரும்பி, எங்கள் உதவி கிடைத்தபின் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்வி. றெனால்ட் அதைத் தமிழில் சொன்னான்.

வழமையாக இந்த இடத்தில் ஊர்ச்சனம் "நல்லம்" என்று ஒரு சொல் சொல்லும். றெனால்ட் அதை மூன்று வசனமாக ஆங்கிலத்தில் விரிப்பான். பெண்களின் நேரம் மிச்சம், பிள்ளைகளின் சுகாதாரம், கொடையாளர்களுக்கு நன்றி. ஆறு வருடமாக விரித்திருக்கிறான். நித்திரையிலும் விரிப்பான்.

அருளம்மா நல்லம் என்று சொல்லவில்லை.

"இவ என்ன தந்தவ எண்டு கேளுங்கோ தம்பி. இந்தக் கிணத்தை என்ர மகள் குடுத்தவள். காணி அவளின்ர. மண் அள்ளினது இந்தப் பெட்டையள். பேர் எழுதியிருந்தவை. அதை உடைச்சு நீலம் பூசியாச்சு. இப்ப ஆரோ தந்தது எண்டு கல் பூட்டியிருக்கு. தண்ணி குடிச்சவ. நல்லது, குடிக்கட்டும். ஆரின்ர தண்ணி எண்டு தெரிஞ்சு குடிக்கட்டும்."

அலெக்ஸாண்டர் மெதுவாக, வாய் அசையாமல் சொன்னார். "தம்பி. பெரியமடு."

றெனால்ட் மொழிபெயர்த்தான். ஒரு வசனத்தையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. மகள் என்ற இடத்தில் 'என் மனைவி' என்று சேர்க்க நினைத்தான். சேர்க்கவில்லை. அருளம்மா அப்படிச் சொல்லவில்லை.

இங்றிட் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். முகம் மலர்ந்தது. ஓர் ஊர் இப்படித் தன் கிணற்றுக்காகப் பேசுவதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, இந்த உரித்துணர்வைத்தான் நாங்கள் எல்லா இடத்திலும் எதிர்பார்க்கிறோம், அறிக்கையில் இதைக் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்றாள். அருளம்மாவைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாமா என்று கேட்டாள்.

அலெக்ஸாண்டர் மூச்சை விட்டார். சிரித்தார்.

றெனால்ட் இங்றிடின் முன்னால் வந்து நின்றான். ஒரு தாய் வெட்டவெளியில் நின்று இது உன்னுடையதில்லை என்று சொல்கிறாள், கேட்டவளுக்கு அதுவும் தன் அறிக்கைக்கு ஒரு நல்ல பந்தி. அவன் யாருடைய வசனத்தையும் மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்தில் தானே கேட்டான். இவர்களுடைய பெயரை உடைத்துப் பூசச் சொன்னது நீங்களா.

இங்றிடின் சிரிப்பு நின்றது. அவள் குனிந்து கட்டைப் பார்த்தாள். நாங்கள் பலகை ஒன்று கண்ணில் படும்படி இருக்கவேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறோம், என்றாள். பூசச் சொல்லவில்லை. நிறம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கு போனாலும் இந்த நீலமாக இருக்கிறதே, இது உங்கள் பக்கத்து வழக்கமாக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவன் அலெக்ஸாண்டரைப் பார்த்தான். அலெக்ஸாண்டர் தாவூதைப் பார்த்தார். தாவூது வாகனக் கதவில் சாய்ந்தபடி நின்றார்.

"என்னவாம்?" என்று கேட்டார் தாவூது.

"நீலம் அவையின்ர விருப்பமில்லையாம்."

தாவூது தாடியைச் சொறிந்தார். "அப்ப அது முதல் கிணத்து நீலம். அந்த நேரம் டோனர்மார் மறுநாள் வாறாங்க, பெயின்ற் வாங்க நேரமில்ல. கரையில யாகப்பர் எண்டு ஒரு ஆள் வள்ளத்துக்கு அடிச்ச மிச்சம் அரை வாளி கிடந்திச்சு. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தது. வந்த டோனர் நல்லாயிருக்கு எண்டு ஒரு சொல்லுச் சொன்னாரு." அவர் தோளைக் குலுக்கினார். "அதுக்குப் பிறகு எல்லாம் நீலம்."

ஒன்பது பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு மற்றவளுக்குத் தொற்றியது. அருளம்மா சிரிக்கவில்லை.

"அரை வாளி வள்ளப் பெயின்ற்," என்றாள். "அதுக்கு என்ர பிள்ளையின்ர பேர்."

இதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை. அவன் மொழிபெயர்த்தான். இங்றிட் இந்த முறை எழுதவில்லை. புத்தகத்தை மூடினாள். பலகையின் வசனம் தலைமை அலுவலகத்திலிருந்து வருவது, அதைத் தான் ஒருத்தியாக மாற்றமுடியாது என்றாள். மன்னிக்கவேண்டும் என்றாள். வாகனத்தில் ஏறும்போது அலெக்ஸாண்டரிடம் பெரியமடு பற்றிப் பிறகு பேசுவோம் என்றாள். நல்லதா கெட்டதா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

"சந்தோசமே?" என்றார் அலெக்ஸாண்டர், றெனால்டைக் கடந்து போகும்போது. "பதினாலு கிணறு."

"நீலம் அடிக்கச் சொன்னது அவை இல்லை சேர். நாங்கள். இவ்வளவு காலமும் நாங்கள்."

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். வாகனம் போனது. றெனால்ட் போகவில்லை.

பூச்சு ஐந்து நாள் வயதுதான். அருளம்மா உளியும் சுத்தியலும் கொண்டுவந்தாள். அவன் மெதுவாகத் தட்டினான். நீலம் ஓடு ஓடாகக் கழன்றது. அதன் கீழே அவன் எதிர்பார்த்தது இல்லை. பூச்சுப் பிடிக்கவேண்டும் என்று மேசன் பழைய சீமெந்தைக் கொத்தியிருந்தான். நல்ல மேசன். விரல் விடும் இடைவெளிக்கு ஒரு கொத்து. எழுத்துகள் நொறுங்கியிருந்தன. பத்துப் பெயரில் ஒரு பெயரும் வாசிக்க முடியவில்லை.

பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றிக் குந்தினார்கள். அவன் தட்டிக்கொண்டே போனான். கட்டின் அடிவரை, நிலத்தோடு ஒட்டிய இடம்வரை. அங்கே மேசனின் உளி இறங்கியிருக்கவில்லை. குனிய அலுப்புப்பட்டிருப்பான். மேல் பூசியதோடு விட்டிருந்தான்.

கடைசி ஓடு கழன்றபோது அதற்குள் 'லா' இருந்தது.

"அவளின்ர வால் மட்டும் தப்பியிருக்கு," என்றாள் முன்பு சிரித்த பெண். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பின்னேரம் அரை மூடை சீமெந்து வந்தது. யாரோ வீட்டில் மலசலகூடத்துக்கு வைத்திருந்தது. றெனால்ட் குழைத்தான், பூசினான், கோணலாகத்தான் பூசினான். 'லா'வைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பூசாமல் விட்டான். ஒன்பது பேரும் ஈர்க்கை முறித்து எடுத்துக்கொண்டு வந்து தங்கள் பெயரைக் கீறினார்கள். முன்பு எழுதிய அதே ஒழுங்கில். கடைசியில் இடம் இருந்தது. இந்த முறை தேவைக்கு மேலே இருந்தது.

"நீங்கள் எழுதுங்கோ தம்பி," என்றாள் அருளம்மா.

"நான் எழுதினா அது என்ர எழுத்து மாமி."

அவள் ஈர்க்கை அவனிடமிருந்து வாங்கி, குனிந்து, தன் மகளின் பெயரில் 'நிறஞ்ச' வரைக்கும் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாக, சரிந்து வந்தது. 'லா'வுக்கு முன் நிறுத்தினாள்.

கருங்கல் பலகை அதற்கு மேலே அப்படியே இருந்தது. கழற்றலாம் என்று ஒருத்தி சொன்னாள். உடுப்புத் துவைக்க நல்ல கல் என்றாள் இன்னொருத்தி. அருளம்மா வேண்டாம் என்றாள். "இருக்கட்டும். மோட்டர் அவை தந்ததுதானே. மேலயும் வாசிக்கட்டும், கீழயும் வாசிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை றெனால்ட் முடிவறிக்கையை நிரப்பினான். ஸஜானா அச்செடுத்து இயக்குநரின் மேசையில் வைத்தாள். பத்து நிமிடத்தில் அவனுக்கு அழைப்பு வந்தது.

"கொடையாளர் எண்ட பெட்டிக்குள்ள இது என்ன?" என்றார் அலெக்ஸாண்டர்.

"பேர்."

"கொடை நிறுவனத்தின்ர பேர் ஒண்டுதானே வரவேணும். இதில பதினொண்டு இருக்கு."

"நிறுவனமும் இருக்கு சேர். கடைசியில."

அலெக்ஸாண்டர் தாளைத் திருப்பினார். பயனாளிகள் பட்டியலில் முதலாம் இலக்கம் வெறுமையாக இருந்தது. அவர் அதை விரலால் தொட்டார். "இதை இப்பிடி அனுப்பினா என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதுதான் சொல்லுறன், மாத்திப்போட்டுத் தாரும்."

"நான் மாத்தமாட்டன். வேணுமெண்டா நீங்கள் மாத்தி, நீங்கள் ஒப்பம் வையுங்கோ."

அலெக்ஸாண்டர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பதினொரு பெயரையும் மேலிருந்து கீழே வாசித்தார், உதடு அசைய. சிலவற்றை அவருக்கு நேரில் தெரிந்திருக்கும். முதல் கிணற்றுக் காலத்தில் அந்தப் பெண்களின் வீட்டுப் பாயில்தான் அவரும் இருந்து தேத்தண்ணி குடித்தவர். பேனா தாளுக்கு மேல் நின்றது.

"நீர் வாசிச்சுத்தான் ஒப்பம் வைச்சனீரோ?"

"இந்த முறை ஓம்."

"நீர் போம்," என்றார் அவர், தலை நிமிராமல்.

றெனால்ட் தன் மேசைக்கு வந்தான். பெரியமடுவுக்கான வேலைக் கட்டளை திரையில் திறந்து கிடந்தது. வங்காலையின் பெயரை அடித்துவிட்டு யாரோ பெரியமடு என்று போட்டிருந்தார்கள். ஏழாவது விடயம் அப்படியே இருந்தது. அவன் அதை அழித்தான். பிறகு முதலாம் விடயத்துக்குப் போய், அங்கிருந்து வாசிக்கத் தொடங்கினான்.